இருபத்தைந்து முத்திரை

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காரும்போதே பரிமளாவின் கை திரையில் பட்டியலை இறக்கிக்கொண்டிருக்கும். எந்த மெயில் எத்தனை மணிக்கு எந்தப் பெட்டியைத் தொட்டுப் போனது என்று வரிவரியாக ஓடும் பட்டியல். தபால் முத்திரை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பக்கத்தில் காபி ஆடை கட்டிவிடும்.

ஆரணியில் பட்டுச்சேலை ஏற்றுமதி செய்யும் ஹேமநாத்தின் அலுவலகத்தில், 2005-இல், மெயில் முழுக்க அவள் பொறுப்பு. கண்ணாடித் தடுப்புக்குள் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள். வெளியிலிருந்து வரும் மெயிலை முதல் பெட்டி வாங்கி, லாட்டரி, மாத்திரை விளம்பரக் குப்பையை ஒதுக்கிவிட்டு, நல்லதை இரண்டாவதற்குத் தள்ளும். இரண்டாவது மெயில் சர்வர்; அவரவர் பெயருக்குப் பிரித்துக் கொடுப்பது அது.

“வாட்ச்மேன் கேட்ல நிக்கறாரு, சர்வர் உள்ள உக்காந்துகினு இருக்குது. ரெண்டும் ஒழுங்கா பேசிக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை” என்பாள். ஒதுக்கிய குப்பையையும் தினமும் கிளறுவாள். “நம்ம கஸ்டமருங்க எழுதற இங்கிலீஷும் வாட்ச்மேனுக்குக் குப்பையாத்தான் தெரியும்.”

கம்பெனிக்குப் புதுப்பெயர் வைத்த வாரம், அந்த அலைச்சலில் இரண்டு நாள் பட்டியல் பார்க்காமல் விட்டுப்போய், புதன்கிழமை காலை திறந்தபோது ஒரே மெயில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. வாட்ச்மேன் சர்வரிடம் தள்ள, சர்வர் வாட்ச்மேனிடமே திருப்ப, ஒவ்வொரு முறையும் ஒரு முத்திரை வாங்கி, இருபத்தைந்தாவது முத்திரையில் கைவிடப்பட்டு அனுப்பியவருக்கே போயிருந்தது. மெயில் முகவரியிலும் மாறிய புதுப்பெயரை வாட்ச்மேனுக்குச் சொன்னவள், சர்வருக்குச் சொல்ல மறந்திருந்தாள். யாருக்கோ வந்த மெயில் என்று சர்வர் அதை வெளியே விட்டிருக்கிறது.

வாட்ச்மேனிடம் தங்கியிருந்த நகலைத் திறந்தாள். கோலாலம்பூர்க் கடைக்காரர் இரண்டு நாளுக்கு முன் எழுதியது. கல்யாணத்துக்கான இரண்டு சேலையிலும் ஊடையாக ஓடும் குறுக்கு நூல் பச்சை வேண்டாம், நீலம் போடுங்கள் என்றிருந்தது.

சர்வரைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். அதற்கு முன்னால் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு, அந்தச் சேலையை நெய்யும் சாவித்திரியின் வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, தறிய நிறுத்துங்க. கலர் மாறிடுச்சு.”

“ரெண்டு நாளா பச்சையில போட்டுகினு இருக்கேன், பாதிப் பொடவ ஆயிடுச்சு. யார் பண்ண வேலை இது?”

“நான் பண்ணதுக்கா. லெட்டர் அன்னிக்கே வந்துடுச்சு. உள்ள வர்ற வழிய நான் சரியா போடல.”

கம்ப்யூட்டரின் மேல் பழி போடுவாள் என்று எதிர்பார்த்திருந்த சாவித்திரி, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தாள்.

அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்ட ஹேமநாத்துக்கு முகம் சுருங்கியது. “பேஜாராப் போச்சே. நெட்டு கோளாறுன்னு எழுதிடும்மா. அவங்களுக்கு என்னா தெரியப் போவுது?”

“அவங்களுக்குத் திரும்பிப் போன மெயில்லயே காரணம் இருக்குங்க. நானே எழுதிடறேன்.”

சர்வரைச் சரிசெய்துவிட்டு எழுதினாள். தவறு என்னுடையது, நீலத்தில் நெய்து தர நான்கு நாள் கூடுதலாக வேண்டும் என்று இரண்டே வரி. கீழே தன் பெயர். அன்று பகல் முழுக்க அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பதில் வந்தது. நான்கு நாள் பரவாயில்லையாம். திரும்பி வந்த மெயிலை ஏதோ குப்பை என்று நினைத்து அவர்களே அழித்துவிட்டார்களாம். பரிமளா அந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டுச் சிரித்தாள். பச்சைச் சேலையை முடித்து உள்ளூர்க் கடைக்குக் கொடுத்துவிடச் சொன்னார் ஹேமநாத். புதிய ஆர்டர் எது வந்தாலும் போனிலும் ஒருமுறை கேட்டுவிடுவது என்று பரிமளா அன்றே வழக்கம் வைத்துக்கொண்டாள். இன்றும் அதை விடவில்லை.

சனிக்கிழமை நீல நூல் சாயம் ஏறி வந்தது. வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே எடுத்துப் போனாள். அதைத் தார் என்னும் சின்னக் குழலில் சுற்றினால்தான் நாடாவில் போட முடியும். சாவித்திரி பச்சையில் கடைசி முழத்தை நெய்துகொண்டிருந்தாள். பரிமளா கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு ராட்டையின் முன் தரையில் உட்கார்ந்தாள்.

நான்கு சுற்றில் இழை அறுந்தது. தறிச் சத்தம் நின்றது. சாவித்திரி திரும்பிப் பார்த்தாள். பரிமளா நிமிராமல் இரண்டு நுனியையும் விரலில் சேர்த்து முறுக்கி, இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ராட்டையைச் சுற்றினாள்.