முதலாளி பெயரில் ஆறு மாதம்

பரவைப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிவதற்குள் நான் திண்டுக்கல் சாலையில் வெகுதூரம் நடந்துவிட்டேன். மைக் விடாமல் துரத்தியது. பள்ளிக்கு நிலம் கொடுத்த சுந்தரலிங்கம், சுதந்திரத்துக்காக வியாபாரத்தையே உதறிவிட்டுச் சிறைக்குப் போன வள்ளல் என்று தலைமையாசிரியர் உருகிக்கொண்டிருந்தார். பாதியில் கிளம்பினாலும் மிட்டாயை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். கொடுத்ததை விட்டுவிட்டு வரும் பழக்கம் எனக்கு இல்லை.

மிளகாய் வற்றல் ஏற்றிய லாரி ஒன்று கடந்துபோனது. தும்மினேன். தும்மல் வந்தால் கூடவே ஒச்சு மாமாவும் வந்துவிடுவார்.

ஐந்தாம் வகுப்போடு நின்று, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மதுரையில் அந்தச் சுந்தரலிங்கத்தின் வற்றல் மண்டியில் மூட்டை தூக்க வந்து சேர்ந்தேன். அங்கே மேஸ்திரி ஒச்சு மாமா, உசிலம்பட்டிக்காரர். பெரிய முதலாளி இறந்து, மகன் கல்லாவில் இருந்தார். வாசலில் யாராவது "சுந்தரலிங்கம்" என்று சொன்னால் போதும், மாமா "அய்யா" என்று திரும்புவார். நாங்கள் சிரிப்போம். ஒருநாள் சாப்பிடும்போது ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளக்காரன் காலத்துல வத்தல் மூடைக்குள்ள நோட்டீசு வச்சு அனுப்புவோம் மாப்ள. நெடிக்குப் பயந்து போலீசு தொடமாட்டான். எவனோ காட்டிக் குடுத்துட்டான். வந்தது வெளியூரு இன்ஸ்பெக்டரு. யாருடா சுந்தரலிங்கம்னான். மொதலாளி உள்ள போனா கடை மூடிரும், நோட்டீசும் நின்னுரும். நான்தான்னுட்டேன். அவரு சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன், கழுத்துப் பித்தானே மாட்டல. ஆறு மாசம் அந்தப் பேரச் சொல்லித்தான் கஞ்சி ஊத்துனாங்க."

"அவரு சும்மாவா இருந்தாரு?"

"சும்மா இல்லப்பா. உள்ள இருந்த அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் அரிசி அனுப்புனாரு. நல்ல மனுசன். பெறகு ஊரே மாலையக் கொண்டாந்து போட்டுச்சு. அவருக்குக் கழட்டத் தெரியல."

தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "பென்சன்லாம் வேணாம். உள்ள இருந்தது ஒச்சுன்னு ஜெயில் ரிக்கார்டுல ஒரு வரி ஏத்தச் சொல்லி கலெக்டருக்கு எழுது. எம்பேரோட சாகணும்," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க வந்த தாலுகா ஆபீஸ்காரர் அந்த மனுவை நேராகக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். சின்ன முதலாளி வாசித்தார். மனுவில் 'மிலகாய்' என்று எழுதியிருந்தேன். மூட்டைகளின் மேலும் நான் அப்படித்தான் எழுதுவேன். தினமும் அதைப் பார்க்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"ஒச்சண்ணனுக்கு எழுதத் தெரியாது. நீ எழுதுனியா?"

மாமா பக்கத்திலேயே நின்றார்.

"இல்ல மொதலாளி."

"இப்படி ஒரு கதைய ஒங்கிட்ட எப்பவாச்சும் சொல்லிருக்காரா?"

"இல்ல மொதலாளி."

மாமா என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த சாக்கை எடுத்து நான்காக மடித்துத் தராசின் மேல் வைத்தார். "வாரேன் தம்பி," என்று சின்ன முதலாளியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தெருவுக்குப் பெரிய முதலாளியின் பெயர். உசிலம்பட்டிக்கு இரண்டு முறை போய்த் தேடினேன். ஒச்சு என்று கேட்டால் தெருவுக்குப் பத்துப் பேரைக் காட்டுகிறார்கள்.

அவர் போன மறுநாள் காலை சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீதான் மேஸ்திரி என்றார். தராசின் மேல் கிடந்த சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.