கொன்ஸ்தந்தீன் நகரத்தவர் கேட்ட கேள்வி

டொரொன்ரோவில், டோர்செட் பார்க் மாடிக் குடியிருப்பில், எங்கள் அயலவர் ஓர் அல்ஜீரியர். தொண்ணூறுகளில் தம் நாட்டுக் கொலைகளுக்குத் தப்பி வந்தவர். ஆழ்ந்த மலைப்பிளவைப் பாலங்களால் கடக்கும் கொன்ஸ்தந்தீன் அவருடைய நகரம். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த யூதர்கள் நாடு விடுதலை பெற்ற கோடையில் வீடுகளைப் பூட்டிப் போனபோது தம்மவர் யாரும் தடுக்கவில்லை என்று தேநீரின்போது வருந்தினார். பிறகு, யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் உண்டா என்று கேட்டார்.

உண்டு, சோனகர் என்போம், ஒற்றுமையாக வாழ்ந்தோம் என்றேன்.

"இயக்கம் எங்கட சோனகரை உடுத்த உடுப்போட ஊரைவிட்டுக் கலைச்சதையும் சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி தமிழில். "நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு இருந்தனாங்கள்தானே."

உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று அயலவர் கேட்டார்.

சீனி போதுமா என்கிறாள் என்றேன்.

போதும் என்று சிரித்தார்.

எவ்வுயிரிலும் இறைவனைக் காணச் சொல்லும் பதிகத்தை அன்று காலையும் ஓதிய என் வாய் அது. இன்றும் ஓதுகிறது, இறைவன் கேட்கிறானா என்று அறியேன்.