ரெண்டாவது ஸ்க்ரீன் ஒத்துக்காது என்றேன்

என் மனைவியிடம் நான் ஒரு பொய் சொன்னேன். "இந்த லேப்டாப்புக்கு ரெண்டாவது ஸ்க்ரீன் ஒத்துக்காது" என்பதுதான் அந்தப் பொய். இதெல்லாம் ஒரு பொய்யா என்று கேட்பவர்களுக்குத் தோன்றலாம். மூன்று ஆண்டுகள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெங்களூரு ஆடுகோடியில் எங்கள் வீடு. கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள் இருவர். நான் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். வீட்டில் தமிழ், படியிறங்கினால் கன்னடம் என்று வளர்ந்ததால் இரண்டு எழுத்தும் அவளுக்கு ஒரே வேகத்தில் ஓடும். அதே பள்ளியில் அவளோடு வேலை பார்த்த தோழி ஒருவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், கன்னடத்தில் ஒரு நாவல் எழுதியிருந்தார். ரயில்வே கேட் ஒன்றைக் காத்த குடும்பத்தின் கதை. அதைத் தமிழில் கொண்டுவருவதாக என் மனைவி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

தோழிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. "ஓதோக்கெ பரல்ல, கையல்லி ஹிட்கொண்ட்ரெ சாக்கு" என்றார். படிக்க வராது, கையில் பிடித்துக்கொண்டால் போதும். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, காபி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் அதைச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

கண்புரை அறுவைக்குப் பிறகு என் மனைவியால் அச்சுப் புத்தகத்தின் சின்ன எழுத்தைப் படிக்க முடியவில்லை. தோழியும் புதிய பதிப்புக்காக அத்தியாயங்களைத் திருத்தித் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆகவே எல்லாம் லேப்டாப் திரையில்தான். கன்னடத்தை முழுத்திரையில் கட்டைவிரல் அளவு எழுத்தாக வைத்து ஒரு வாக்கியம் படிப்பாள். இரண்டு விசைகளை அழுத்தித் தமிழ்ப் பக்கத்துக்கு மாறுவாள். தட்டுவாள். மறுபடி கன்னடத்துக்குப் போனால் விட்ட இடம் காணாமல் போயிருக்கும். "எங்க விட்டேன், எங்க விட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேடுவாள். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் அந்தப் பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்கூடக் கொள்ளாது.

எங்கள் மகள் வேலை மாறிப் புனே போனபோது தன் மானிட்டரை விட்டுச் சென்றாள். "அம்மா, இதுல கன்னடம், அதுல தமிழ். கழுத்த மட்டும் திருப்புனா போதும்" என்றாள். என் மனைவி அன்று மேசையைத் துடைத்து அதற்கு இடம் செய்து வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். பேனா ஜாடி, அகராதி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.

அந்த லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டது நான். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்கிற திறமூல மென்பொருள்மேல் ஓய்வுக்குப் பின் எனக்கு ஒரு பித்து. மாதம் ஒரு ஞாயிறு என்னைப் போன்ற ஏழெட்டுப் பேர் ஒரு நூலகத்தின் மாடியில் கூடுவோம். "நம்ம வீட்டுல எல்லாமே இதுலதான் ஓடுது, ஒரு தொந்தரவு கிடையாது" என்று முந்தைய ஞாயிறுதான் அங்கே பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன்.

கேபிளைச் செருகினேன். மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து மறைந்தது. கட்டளைகள் தட்டினேன். இணையத்தில் யார் யாரோ எழுதிய யோசனைகளைப் படித்தேன். ஆறு தடவை அணைத்துப் போட்டேன். கேபிளின் இரண்டு முனைகளையும் மாற்றிக்கூடச் செருகிப் பார்த்தேன். அதில் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று நினைத்தேனோ. மகள் ஃபோனில், "பேசாம பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுடுங்கப்பா, எனக்கு அதுல வேலை செஞ்சுது" என்றாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. நூலக மாடி நண்பர் ஒருவரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்கும் மனம் வரவில்லை.

மாலையில் அவள் வந்து, "என்ன ஆச்சுங்க?" என்றாள்.

"மெஷின் பழசு. ரெண்டாவது ஸ்க்ரீன் ஒத்துக்காது."

"சரி விடுங்க. இருக்கறத வெச்சுப் பாத்துக்கறேன்."

இயந்திரம் பற்றி நான் சொன்ன எதையும் அவள் மறுத்துக் கேட்டதில்லை. மானிட்டர் பரண்மேல் போனது. பேனா ஜாடியும் அகராதியும் பழைய இடத்துக்கு வந்தன.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் தோழி ஃபோன் செய்வார். "எஷ்டாய்த்து?" எவ்வளவு ஆயிற்று என்ற அந்த ஒரு கேள்விதான். என் மனைவி பக்க எண்ணைச் சொல்வாள். எண் மெதுவாக ஏறியது. ஒருமுறை அவள், "நம் மெஷின் ஹளேது, அக்கா" என்று சொல்வதைக் கேட்டேன். நம்ம மெஷின் பழசு. நான் சொன்ன பொய்யை அவள் கன்னடத்தில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

முந்நூறு பக்க நாவலில் நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தில் அவள் இருந்தபோது தோழி இறந்துபோனார். காரியங்கள் முடிந்து வீட்டுக்கு வந்தவள் லேப்டாப்பை மூடி, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டாள். பிறகு அந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

ஒரே வீட்டில் இருக்கும் ஒருத்திக்காக ஏங்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சமைத்தாள், பேசினாள், தொலைக்காட்சி பார்த்தாள். ஆனால் மத்தியானங்களில் பக்கத்து அறையிலிருந்து வந்த அந்தச் சத்தம் நின்றுவிட்டது. முதலில் கன்னட வாக்கியம் வாய்க்குள், பிறகு கொஞ்சம் மௌனம், பிறகு தமிழில் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்பது, பிறகு தட்டுவது. சரியான சொல் கிடைத்துவிட்டால் தட்டும் சத்தத்திலேயே தெரியும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தினமும் கண்ணயர்ந்திருக்கிறேன். கீழே லேத் ஓடும் சத்தம் மட்டும் இப்போது மீந்திருந்தது. அது தூக்கத்தைக் கொடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, சும்மா கிடந்த லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருந்தது தெரிந்து, மாற்றுவதற்காகக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப் போனேன். பரணில் கிடந்த மானிட்டரையும் விற்றுவிடலாம் என்று அதே ஆட்டோவில் ஏற்றினேன். கடைக்காரர் என் வயதுக்காரர், தாடி முழுக்க வெள்ளை. மானிட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, கையருகே இருந்த என் லேப்டாப்பிலேயே செருகினார். சிக்னல் இல்லை. மானிட்டரின் அடிவிளிம்பில் விரலால் தடவி ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். படம் வந்துவிட்டது.

"சோர்ஸ் தப்பா கீது ஸார். கேபிள் ஒரு ஓட்டைல கீது, மானிட்டர் வேற ஓட்டையப் பாத்துனு கீது. இத்தப் போய் விக்க வந்தீங்களே" என்று சிரித்தார்.

பிறகு நானே அமைப்புகளைத் திறந்து, இரண்டு திரையிலும் ஒரே படம் தெரிவதை மாற்றி, ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்று இருக்கும்படி வைத்தேன். சுட்டியை வலப்பக்கம் தள்ளினேன். அது ஒரு திரையின் விளிம்பைக் கடந்து அடுத்த திரைக்குள் போனது. வாழ்க்கை முழுக்க இயந்திரங்களோடு இருந்தவன் நான். அந்தப் பொத்தானைத் தேடவே இல்லை. மென்பொருளின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தேன்; மென்பொருளில் குற்றமே இல்லை.

மானிட்டரை விற்கவில்லை. வீட்டில் இரண்டையும் மேசையில் வைத்து, ஒன்றில் கன்னட அத்தியாயத்தையும் மற்றொன்றில் அவளுடைய தமிழையும் திறந்துவிட்டு அவளிடம் போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் பழசு என்றது பொய், எனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்கச் சொன்னது என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. நான் என்ன சிரிச்சிருக்கப் போறேனா?"

அடுத்த காயை எடுத்தபடி, "சிரிச்சிருப்பேன்தான். அதனால என்ன இப்ப" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கையை நிறுத்தினாள். "மூணு வருஷம் அக்காகிட்ட மெஷின் மேல பழி போட்டேன். இப்ப அவங்ககிட்ட யார் போய்ச் சொல்றது?"

அவள் மேசைப் பக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் காத்திருந்தேன். பிறகு நானே உட்கார்ந்தேன், நூற்று அறுபத்தொன்பதாம் பக்கத்திலிருந்து. என் கன்னடம் செய்தித்தாள் கன்னடம், என் தமிழ் அலுவலகக் கடிதத் தமிழ். கேட் காப்பவனின் மனைவி கணவனிடம் சண்டை போடும் இடம். 'அவள் மிகுந்த சினத்துடன் தனது எதிர்ப்பைத் தெரிவித்தாள்' என்று தட்டினேன். பின்னால் வந்து நின்றவள், "என்னங்க இது, டெண்டர் நோட்டீஸா?" என்றாள். போய்விட்டாள். மறுநாள் பார்த்தால் அந்த வரி மாறியிருந்தது: 'அவள் அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.'

அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் ஒரு தப்பும் செய்தேன். அவள் திருத்த வரவேண்டும் என்பதற்காக ஒரு பத்தியை வேண்டுமென்றே கெடுத்து வைத்தேன். அன்று சாப்பிடும்போது, "நாலாவது பத்தி நீங்க வேணும்னே பண்ணது. அது வேண்டாம்" என்றாள். சரி என்றேன். தெரியாமல் செய்யும் பிழைகளே போதுமான அளவுக்கு இருந்தன. அவள் எப்போதும் நின்றபடியேதான் திருத்தினாள், ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு. நான் எழுந்து இடம் விட்டாலும் உட்கார மாட்டாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பட்டறையில் மட்டும் மின்சாரம் இல்லை. லேத் நின்றிருந்தது. படிக்கட்டில் பாதி ஏறியதும் மேலே விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. தட்டல், மௌனம், மறுபடி தட்டல். சத்தம் நிற்கும்வரை அங்கேயே நின்றேன். கையில் பால் பாக்கெட் வேர்த்துவிட்டது.

உள்ளே போனபோது அவள் சமையலறையில் இருந்தாள். நாற்காலி மேசையைவிட்டுத் தள்ளி இருந்தது. தமிழ்த் திரையில் புத்தகத்தின் முதல் பக்கம். தோழியின் பெயரை எழுதி, அதன் கீழே, 'இதை உங்கள் கையில் கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம்' என்று தொடங்கி நிறுத்தியிருந்தாள்.

நான் உட்கார்ந்து முடித்தேன்: 'இயந்திரம் அல்ல. என் கணவர் தம் அறியாமையால் என்னிடம் சொன்ன பொய்.'

மறுநாள் காலையில் பார்த்தேன். அவள் அதை அழிக்கவில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் திருத்தியிருந்தாள். 'அறியாமையால்' என்ற இடத்தில் 'வீம்பால்' என்று இருந்தது.