மாமாவின் இடுப்பும் என் இடது காலும்

இடுப்பு வலி என்று புதிதாக வருகிறவர்களோடு முதல் நாளே எனக்குச் சண்டை வந்துவிடும். சிதம்பரத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். குமராட்சிப் பக்கம் நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவர்கள் வருவார்கள், நாளெல்லாம் பைக்கில் சுற்றுகிறவர்கள் வருவார்கள். செல்போனில் எவனோ ஒருவன் முதுகை அமுக்கிப் படபடவென்று சொடக்கு எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அதே மாதிரி ஒண்ணு எடுத்து வுடுங்க மேடம், போயிட்டே இருக்கேன்" என்பார்கள். மாட்டேன் என்பேன். கால் மரத்துப் போகிறதா, முன்பு எங்காவது விழுந்தீர்களா, ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா என்று கேட்பேன். இடுப்பைக் காட்ட வந்தால் இவள் எதைக் கேட்கிறாள் பார் என்று முறைப்பார்கள். முறைக்கட்டும். பதில் வராமல் நான் கை வைப்பதில்லை. படித்ததால் வந்த திமிர் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, படிப்பதற்கு முன்பே, ஒன்பது வயதில், நான் இதே தொழிலை நடத்தியவள். அப்போது மிதிப்பதற்கு முன் யாரையும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது கடலூர் முதுநகருக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனி வீட்டு வாசலில், நான் பல் விளக்குவதற்கு முன்பே யாராவது குப்புறப் படுத்திருப்பார்கள். வலை இழுத்தவர்கள், மீன் கூடை தூக்கியவர்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலால் மூன்று முறை அழுத்தி மிதிப்பேன். படுத்திருந்தவர் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். என் இரண்டு அக்காக்களும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எனக்கு மட்டும் வறுத்த நெத்திலியும் மரியாதையும் கிடைத்துக்கொண்டிருந்தன.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சட்டங்கள் வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது. கிச்சுகிச்சு மூட்டுகிறது என்று சிரிக்கக் கூடாது. சிரித்த ஒருவரின் முதுகிலிருந்து சறுக்கி விழுந்து என் முட்டி பெயர்ந்திருக்கிறது. மிதித்து முடித்ததும் "வுட்டுடுச்சா?" என்று கேட்பேன், "வுட்டுடுச்சு" என்று சொல்லிவிட வேண்டும். "இன்னும் லேசா இருக்கு பாப்பா" என்று உண்மை பேசிய ஒருவரை மறுநாள் நான் வாசலில் ஏறவிடவில்லை. அம்மா இதிலெல்லாம் தலையிடமாட்டாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள். நைட் டூட்டி முடிந்து வரும்போது வாசலில் படுத்திருப்பவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவாள்.

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். என் காலைப் பற்றி அந்த ஊர் முழுக்கப் பெருமை பேசுகிறவர் என்பதால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். இடது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

"மாமா, இன்னொரு செருப்பு எங்க?"

குனிய முடியாமல் குனிந்து பார்த்தார். "அட, எங்க வுட்டன்னு தெரியலியே" என்று சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீடு வரை கருங்கல் ஜல்லி கொட்டிய ரோடு. அவர் உள்ளங்காலில் ரத்தம் வந்திருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டேன். இடுப்பு வலிக்கிற வலியில் அதெல்லாம் எங்கே தெரிகிறது என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மாமா குப்புறப் படுத்தார். எதிர்வீட்டிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வந்து நின்றாள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அப்பா கடலுக்குப் போயிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிய நேரத்தில் அம்மா டூட்டி முடிந்து வந்தாள். அன்று தாண்டிப் போகவில்லை. ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், தம்பியின் உள்ளங்காலைப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி அவர் கால் கட்டைவிரலில் குத்தினாள்.

"என்னாடா தெரியுது?"

"என்னா தெரியணும்?"

"ஒண்ணுக்குப் போனியா?"

இத்தனை பெண்கள் நடுவில் இதென்ன கேள்வி என்று மாமா முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நேத்து ராத்திரிலேர்ந்து வரலக்கா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்து, "காலை எடுடி" என்றாள். மாட்டேன் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சிதம்பரத்திலிருந்து ஒருவர் என் காலைத் தேடி வந்திருக்கிறார், அதுவும் என் மாமா. அத்தையும் என் பக்கம்தான்.

"ஊருக்கெல்லாம் மிதிக்குறா. ஒன் கூடப் பொறந்தவனுக்கு மட்டும் ஆவாதா?"

"கால் மரத்துக்கினு வருது அண்ணி. மிதிச்சா எழுந்திருக்கவே மாட்டான். இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

"மிதிச்சுட்டுத் தூக்கிக்கினு போயேன்."

மாமாவும் கெஞ்சினார். "ஒரே ஒரு மிதிக்கா. இதுக்குத்தான இம்மாந்தூரம் வந்தேன்."

எல்லோரும் சொல்லும்போது எனக்கென்ன? காலை ஓங்கினேன். அம்மா கணுக்காலைப் பிடித்து இழுத்ததில் பொத்தென்று உட்கார்ந்தேன். எழுந்து மறுபடியும் போனேன். "நான் காலால பொறந்தவ! நான் மிதிப்பேன்!" என்று கத்திக்கொண்டே அவள் கையை உதைத்தேன். எனக்கு அன்று அவ்வளவு வெறி. கூட்டமும் "மிதிக்கட்டும் வுடு" என்று நெருங்கியது.

அம்மா தம்பிக்கும் எனக்கும் நடுவில் எழுந்து நின்றாள்.

"அவ காலால பொறக்கல. எல்லாப் புள்ளையும் மாதிரி தலையாலதான் பொறந்தா. நான்தான் பொய் சொன்னேன்."

அத்தைதான் கேட்டாள், "ஒம்போது வருசமாவா?"

"ஆமா, ஒம்போது வருசமா. இப்ப என்னா அதுக்கு? ஆட்டோவக் கூப்புடுங்க."

அத்தை தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எத்தனை முறை என் காலுக்குக் கீழே படுத்திருப்பாள்! "மூணாவதும் பொட்டையாப் பெத்துட்டு, அத மறைக்க இம்மாம் பெரிய கதயா?" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள்.

மாமாவைச் சிதம்பரத்துக்கே கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தார். இன்றும் வலது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறார், ஆனால் நடக்கிறார். நான் மறுநாளிலிருந்து டூப்பு ஆனேன். குழாயடியில் எனக்கும் ஒரு குடம் கொடுக்கப்பட்டது. "இப்பவும் மிதிப்பேன், வாங்க" என்று நான்கு நாள் வாசலில் நின்று பார்த்தேன். நெத்திலி வரவில்லை, ஆளும் வரவில்லை.

நான் பிறந்த கதையை மாமாதான் பல வருடம் கழித்துச் சொன்னார். மூன்றாவதும் பெண் என்றதும் அப்பா வீட்டில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த எங்கள் ஊர்க்காரப் பெண்ணிடம், குழந்தை காலால் பிறந்திருக்கிறது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாளாம். மறுநாளே அத்தை வந்து, என் பிஞ்சுக் காலைப் பிடித்துத் தன் இடுப்பில் மூன்று முறை வைத்துக்கொண்டாளாம். அதன் பிறகு என்னை வேண்டாம் என்று சொன்ன வீடே கிடையாது. அத்தை அன்று வாசலில் சொன்ன ‘மூணாவதும் பொட்டை’ என்ற சொல்லை அதற்கு முன் என் காது கேட்டதில்லை. கேட்காதபடி ஒன்பது வருடம் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் காலுக்காக ஒரே நிமிடத்தில் அதைக் கைவிட வேண்டி வந்தது.

ஒன்பது வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. என் காலைப் பொய் என்று ஊரறியச் சொன்னவள் அம்மா. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். மாமாவைப் பதினைந்து நாள் தூக்கி, திருப்பி, பார்த்துக்கொண்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, தெருவே பார்க்க வாசலில் குப்புறப் படுத்தாள்.

"வாடி தங்கம். அம்மாவுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. வந்து மிதி."

"நான் தலையால பொறந்தவ. வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் அவள் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள், முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே இடுப்பு வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.