லாரியைக் கழிக்கச் சொன்னவர்

எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட் கோப்பிக்கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தபோது என் தங்கை வசந்தி போன் செய்தாள். “அண்ணே, அவரு போயிட்டாரு” என்றாள்.

என் மச்சான் நடேசன் இறந்துவிட்டார் என்று எனக்குச் செய்தி வருவது அது மூன்றாவது முறை. முதல் முறை அலறியடித்துக்கொண்டு மாலையோடு போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “மாலை சின்னதா இருக்கே மச்சான், இவ்வளவுதானா நம்ம மதிப்பு?” என்றார். ஆள் வைத்துப் பொய்ச் செய்தி சொல்லி அனுப்பியது அவரேதான். இரண்டாவது முறை மாலை இல்லாமல் போனேன். மாலை எங்கே என்று சண்டைக்கு வந்தார். ஆகவே இந்த முறை தங்கையையும் கூட்டுச் சேர்த்துவிட்டார் என்று நினைத்து, “இந்தத் தடவை எத்தனை முழம் வேணுமாம், கேட்டுச் சொல்லும்மா” என்று சிரித்தேன்.

வசந்தி போனை வைத்துவிட்டாள். ரொட்டி என் கையிலேயே ஆறிப்போயிற்று.

பெட்டியை எடுக்கும் முன் உறவில் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஜொகூர் முதல் பினாங்கு வரை நான் பேசாத சாவு கிடையாது. மைக்கை நோக்கி நடந்தேன். வசந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீங்க பேச வேணாம்ண்ணே. எழுதிக் குடுங்க, பதினாறாம் நாளு அச்சடிச்சு எல்லாருக்கும் குடுப்போம். லாரியக் கழிச்சிட்டு எழுதுங்க.”

அதனால்தான் எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்புவரை படித்தவன். ஆனால் அந்த ஆறாம் வகுப்பிலேயே தலைமையாசிரியருக்குத் திருத்தம் சொன்னவன். எழுத்து எனக்குப் புதிதல்ல.

லாரியைக் கழிப்பது என்றால் என்ன என்று அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நடேசன் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக்காரர். பழக்குலை ஏற்றிய லாரி வந்து மேடைமேல் நிற்கும், எடை எடுப்பார். குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும், மறுபடி எடை எடுப்பார். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் குலை. இருபத்தெட்டு வருடம் இந்த ஒரே கணக்கைப் போட்டவர், மனிதர்கள் பேசுவதையும் அப்படியே எடைபோட்டார். நான் கோப்பிக்கடையில் ஒரு கதையைத் தொடங்குவேன்; கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும் நேரமாகப் பார்த்து, “லாரியக் கழிச்சிட்டுச் சொல்லு மச்சான்” என்பார். அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பல்லாண்டு இதைப் பொறுத்துக்கொண்டேன் என்றால் என் பொறுமையை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்குக் குரல் இருந்தது. இதில் லாரி இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவர் பாடினால் சீன முதலாளிகூட காடியை நிறுத்திவிட்டுக் கேட்பார். கல்யாண மண்டபங்களில் பாடினார், ஆலையில் குலை கொட்டும் சத்தத்துக்கு மேலே பாடினார். ஆனால் அவருடைய ஆசை வேறு. கோலாலம்பூரில், பேண்டோடு, தன்னை இன்னார் என்றே தெரியாத ஜனங்கள் முன்னால் ஒரே ஒரு பாட்டு. “தெரிஞ்சவன் கைதட்டுறது மரியாதைக்கு. தெரியாதவன் தட்டணும் மச்சான். அதுக்கப்புறம் நான் செத்தாலும் நீ அழ வேணாம்” என்பார்.

அந்த ஆசையினால்தான் எங்கள் பயணங்கள் தொடங்கின. மாதத்தின் முதல் சனிக்கிழமை, புலாவ் செபாங் ஸ்டேஷனில் நானும் அவரும் ரயிலேறுவோம். கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் ஒரு பெரிய கிளப்பையே நடத்தியவன் நான் என்பது புலாவ் செபாங்கில் யாவரும் அறிந்தது. ஆகவே வழிகாட்டி நான். ஒரே ஒரு சிக்கல். பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பினால் வசந்தி கதவைத் திறக்க மாட்டாள். அதனால் அந்த மாநகரத்தின் இரவு வாழ்க்கை முழுவதையும் நாங்கள் பகலிலேயே பார்த்து முடித்தோம்.

பகலில் ஒரு நடனக் கிளப்பைப் பார்த்திருக்கிறீர்களா? குழல் விளக்கைப் போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள். சுவரெல்லாம் கறை. சோபாவில் கிழிசல். “இதுக்குள்ள வரத்தான் பசங்க ரோடு வரைக்கும் வரிசையில நிக்கிறானுங்களா?” என்று கேட்டார் நடேசன். இன்னொரு இடத்தில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்க, பேண்டுக்காரன் ஒருவன் மைக்கைச் சோதித்து, “செக், செக், ஒன், டூ” என்றான். மச்சான் எழுந்து நின்று கைதட்டி, “இந்தப் பாட்டு நல்லாருக்கு. அடுத்தது?” என்றார். அவன் முகம் சுருங்கிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடை பாரில் பாடிய தமிழ் இளைஞரிடம், “தம்பி, தொண்டை இருக்கு, துணிச்சல் இருக்கு. பாட்டு மட்டும் வந்துட்டா நீங்க எங்கயோ போயிடுவீங்க” என்றார். அந்தத் தம்பியின் தாயார் பக்கத்து மேசையில் இருந்தார்கள். நடேசனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். இறந்தவரைப் பற்றி நல்லதே எழுத வேண்டும் என்பார்கள். நான் எழுதுவது நடேசனைப் பற்றி.

நானும் சும்மா இருந்ததில்லை. சீனர் வட்டாரத்தில் கதவே தெரியாத பார்கள் உண்டு. தையற்கடை மாதிரி இருக்கும். துணி அலமாரியைத் தள்ளினால் உள்ளே பார். உண்மையான பார் பக்கத்துக் கடைதான் என்று தெரிந்தே அவரை வேறு கடைக்குள் விட்டு, “இதுதான் மச்சான், நல்லாத் தள்ளுங்க” என்றேன். அவர் தோளைக் கொடுத்துத் தள்ளியது உண்மையான தையற்காரருடைய உண்மையான அலமாரி. துணிச் சுருள்கள் அவர் தலையில் விழ, கிழவர் அளவுகோலோடு அடுத்த தெருவரை துரத்தினார். இரண்டு தெரு என்று நான் சொல்வது வழக்கம்.

இதெல்லாம் மச்சான் முறைக்குள் அடங்கியது. அடங்காதது என் மகளின் நிச்சயதார்த்தத்தில் நடந்தது. புதுச் சம்பந்தி குடும்பத்தாரிடம், நான் கேஎல்லில் கிளப் மேனேஜராக இருந்த காலத்தை விரித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி அம்மாள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த நடேசன் நின்றார்.

“மேனேஜர் இல்லீங்க. வாசல்ல நின்ன ஜாகா. அதுவும் மூணு வாரம். லாரியக் கழிச்சா மிஞ்சுறது அவ்வளவுதான்.”

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜாகா என்றால் காவற்காரன், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று அந்தக் கூடத்தில் இருந்தது.

கேஎல்லின் பாங்சார் பகுதியில் மாடிமேல் ஒரு பார் உண்டு. ஞாயிறு மத்தியானம் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிக்கொடுத்துப் பாடலாம். அங்கே ஒரு விளையாட்டு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கிளாஸுக்குள் முறுக்கின கம்பி போன்ற நீளக் கரண்டிகள் குத்தியிருக்கும், நுனியில் சிவப்பு மணி. பாட்டுப் பிடிக்காவிட்டால் அதனால் கிளாஸைத் தட்ட வேண்டும். ஒருவர் தட்டினால் மற்றவரும் சேர்ந்துகொள்வார்கள். சத்தம் கூடினால் பாடுகிறவர் இறங்கிவிட வேண்டும். நான் தனியாகப் போய் இதைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்து மச்சானிடம் சொன்னேன்:

“ஓனர் மிஸ்டர் லிம் நம்ம ஆளு. உங்க பாட்டைப் போன்ல போட்டுக் காட்டினேன். ‘யார் இது, அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வா’ன்னுட்டாரு. ஃபுல் பேண்டு மச்சான்.”

“லாரி எவ்வளவு இதுல?” என்றார்.

“என் தங்கச்சி மேல சத்தியமா லாரியே இல்ல.”

நம்பிவிட்டார். முதலும் கடைசியுமாக ஒரு முறை நான் சொன்னதைக் கழிக்காமல் எடுத்துக்கொண்டார்.

மஸ்ஜித் தானா டவுன் தையற்காரரிடம் அரக்கு நிறத்தில் கோட்டுத் தைத்துக்கொண்டார். தலைக்கும் மீசைக்கும் மை பூசினார். வசந்தி, ஆலையின் கங்காணியான மண்டோர் உட்பட பதினான்கு பேர் வேன் பிடித்து வந்தார்கள். பாரின் வாசலில் ஒரு மலாய்ப் பெண் காகிதத்தை நீட்டி, மாமா என்று மலாயில் அழைத்து, “பாக்சிக், பெயர் எழுதுங்க. உங்க நம்பர் பதினொண்ணு” என்றாள்.

“நம்பரா? ஓனர் எங்க மச்சான்?”

“மேல இருக்காரு, வந்துடுவாரு.”

“பேண்டு?”

“டீ குடிக்கப் போயிருக்காங்க, லா. பதறாதீங்க” என்று சொல்லிவிட்டு நான் தூணுக்குப் பின்னால் ஒரு மேசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்று வந்தது. பேண்டு இல்லை, கிட்டாரோடு ஒருவன் மட்டும். அவனுக்குத் தமிழ்ப் பாட்டு தெரியாது. நடேசன் மைக்கைப் பிடித்து, மனப்பாடம் செய்து வந்த ஆங்கிலத்தில், இந்த வாய்ப்பைத் தந்த மிஸ்டர் லிம்முக்கு நன்றி என்றார். “யாரு லிம்?” என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் சிரித்தது. அவருக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. வேனில் வந்த பதினான்கு பேரை ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார்.

பல்லவி முடிவதற்குள் கூட்டத்தின் சிரிப்பு நின்றது. பாஷை புரியாதவர்கள் போனை மேசைமேல் வைத்தார்கள். கிட்டார்க்காரன் எப்படியோ அவர் சுருதியைப் பிடித்துவிட்டான். அப்போது எங்கோ ஒரு மேசையில் கரண்டி தட்டிற்று. விளையாட்டுக்கென்றே காத்திருந்த கூட்டம், மற்ற மேசைகளும் தட்டத் தொடங்கின. பாட்டு அந்தச் சத்தத்துக்குள் மூழ்கிவிட்டது. சரணம் பாதியில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு இறங்கினார். நான் அதற்குள் கழிவறைக்குப் போய்விட்டேன். திரும்பும்போது வேனில், வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்த மையை வசந்தி முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

யாரோ எடுத்த வீடியோ மூன்று தோட்டம் சுற்றியது. அதன்பிறகு கல்யாண மண்டபத்தில் நடேசன் நுழைந்தால் எந்த மேசையிலாவது ஒரு கரண்டி கிளாஸைத் தட்டும். “பதினொண்ணாம் நம்பர் வந்தாச்சு!” என்பார்கள். நானும் சிரித்தேன். கோயில் திருவிழாவில் பாடக் கூப்பிட்டார்கள். “தொண்டை சரியில்ல” என்றார். அடுத்த வருடமும் அதே பதில். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். எடைமேடையில் லாரிக்காரர்கள் அவர் முணுமுணுப்பதைக்கூடக் கேட்டதில்லை என்கிறார்கள்.

இந்தக் கதையைக் கோப்பிக்கடையில் நான் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். காலேஜ் பசங்கள் ஒரு மேசையில் இருந்தார்கள், அவர்கள்தான் முதலில் தட்டினார்கள் என்று சொல்வேன். நடேசன் அங்கேயே இருப்பார். ஒரு முறைகூட லாரியைக் கழிக்கச் சொன்னதில்லை. தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பார். வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுக்குப் போனால் காப்பி வரும். அதைக் கலக்க ஒரு நீளக் கரண்டி. “நல்ல கரண்டியா இருக்கே, எங்க வாங்கினீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன். “கேஎல்ல” என்றார் நடேசன். இதுமாதிரி என் வீட்டில் ஒரு டஜன் கிடக்கிறது, கிளப்பை விட்டு வரும்போது பரிசாகக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அவர் வசந்தியைப் பார்த்தார். வசந்தி உள்ளே போய்விட்டாள்.

போன வாரம், ஆலையிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

தகனம் முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது வசந்தி அந்தக் கரண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நுனியில் சிவப்பு மணி.

“இது உங்களோடதுண்ணே. தூணுக்குப் பின்னால நீங்க தட்டினதை அவரு மேடையில இருந்தே பாத்துட்டாரு. எறங்கி வர்றப்ப உங்க மேசையில கெடந்தத எடுத்துக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டாரு. மூணு வருஷமா நீங்க வந்தா இதுலதான் கலக்கணும்னு சொல்லிட்டாரு.”

“ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?”

“நானும் அதத்தான் அவருகிட்ட கேட்டேன். ‘எல்லாக் கதையும் சொல்றவன்தானே, இதையும் அவனாச் சொல்லட்டும்’னாரு. நீங்க சொல்லவே இல்லண்ணே.”

ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியைத் திருத்துகிறேன். எங்கோ ஒரு மேசை அல்ல. காலேஜ் பசங்கள் அல்ல. முதல் கரண்டி என்னுடையது. அவர் கேவலப்பட வேண்டும் என்று அழைத்துப்போனேன். ஆனால் தட்டியது அதற்காக அல்ல. கூட்டம் அடங்கிவிட்டது. தெரியாத ஜனங்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு சரணம் போயிருந்தால் கைதட்டியிருப்பார்கள். பிறகு சிம்பாங் அம்பாட்டில் கேஎல் கதை கேட்க யாரும் என்னிடம் வரமாட்டார்கள், நடேசனிடம்தான் போவார்கள். அது பொறுக்காமல் தட்டினேன்.

பதினாறாம் நாள் இந்தத் தாளை வாங்குகிறவர்கள் என் முன்னால் சிரிக்கலாம், காறித் துப்பலாம். என் சம்பந்தி அம்மாளுக்கும் ஒரு தாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய மாலையாக வாங்கி உங்கள் படத்துக்குப் போட்டுவிட்டேன் மச்சான், முழம் கேட்காமலே.

கரண்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. காலையில் அதில்தான் காப்பி கலக்குகிறேன். கிளாஸில் படாமல் கலக்கப் பார்க்கிறேன். வயதான கை, சில நாள் பட்டுவிடுகிறது. பட்டதும் கரண்டியை வெளியே எடுத்து வைத்துவிடுவேன்.

போய் வாருங்கள், மச்சான். லாரியைக் கழித்துவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்.