தறி ஓடும் வீட்டில் ஒரு பேஸ் கிட்டார்

குமாரபாளையத்தில் ஜீவானந்தத்தை யாரும் கிட்டார்காரர் என்று சொல்வதில்லை. "ஆர்க்கெஸ்ட்ராவுல பின்னால நிப்பாரே, அவரு" என்றுதான் சொல்வார்கள். வயது நாற்பத்தாறு. வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி, அதில் துண்டு ஓட்டுகிறார். முகூர்த்த நாள் வந்துவிட்டால் மட்டும் தலைக்குச் சாயம் அடித்து, சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு, சேலத்துக் கலையரசனின் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கப் போய்விடுவார்.

பல வருடமாகப் போகிறார். இத்தனை வருடத்தில் அவரிடம் சபையோர் கேட்டது இரண்டே கேள்வி. "இதுல நாலு கம்பிதான் இருக்குது, மிச்சம் ரெண்டு எங்கீங்க?" என்பது ஒன்று. "நீங்க எப்ப வாசிப்பீங்க?" என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் அவருடைய சொந்த மாமனார். அதுவும் கச்சேரி முடிந்து ஜீவானந்தம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது.

இதற்கெல்லாம் அவர் மனம் நோகிறவர் இல்லை. துண்டு வாங்குகிறவன் கரையைப் பார்ப்பான், கலரைப் பார்ப்பான்; உள்ளே நீளவாக்கில் ஓடும் பாவு நூலை எண்ணியா பார்க்கிறான்? பேஸ் கிட்டாரும் அப்படித்தான், பாட்டுக்கு அடியில் கிடக்கும் என்பது அவர் கட்சி. அது போக, மேடையில் நிற்பதில் அவருக்கு வேறு இரண்டு சௌகரியங்கள் இருந்தன. நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசுகிற மனிதர் அவர். வாயைத் திறக்காமல் வேலை பார்க்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மேடைதான். மேடை இல்லாவிட்டால் அதே முகூர்த்த நாளில் மொய்க் கவரைப் பிடித்துக்கொண்டு பந்தி வாசலில் சித்தப்பாமாரோடு முட்டிமோத வேண்டியிருக்கும்.

போன ஆவணியில் பழைய கிட்டாருக்குக் கண்டம் வந்தது. அது குழுவுக்குச் சொந்தமானது. வேனில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் படுத்து வந்ததில் கழுத்து வளைந்துவிட்டது. "இனி நீங்களே ஒண்ணு வாங்கிக்குங்கண்ணா" என்று கலையரசன் சொல்லிவிட்டான். ஜீவானந்தம் ஆன்லைனில் தேடி, இருப்பதிலேயே கைக்கு அடங்குகிற விலையில் ஒன்று வரவழைத்தார். ஆளுயர அட்டைப்பெட்டி வந்து இறங்கியதும் அவர் மனைவி கமலவேணி தறிக்கு ஏதோ உதிரிபாகம் என்று நினைத்து நேரே தறிப்பட்டறைக்குள் வைக்கச் சொல்லிவிட்டாள்.

பிரித்துப் பார்த்தால் நீல நிறத்தில் பளபளவென்று இருந்தது. மூன்று திருகுகள்.

"எதுக்குங்க மூணு? நம்ம மிக்சியில ஒரே திருகுதான், அதுல மூணு வேளைக்கும் ஆவுதில்ல?" என்றாள் கமலவேணி.

ஜீவானந்தம் விளக்கினார். பிக்கப் என்பது கம்பிக்கு அடியில் பதித்திருக்கும் காந்தப் பட்டை. கம்பி அதிர்வதை அது வாங்கி ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு அனுப்பும். இந்தக் கிட்டாரில் இரண்டு பிக்கப். கழுத்துப் பக்கம் இருப்பது உருண்டு திரண்ட சத்தம் தரும். கம்பி போய் முடிகிற வால் பக்கம் இருப்பது வெடுக்கென்று ஒல்லியாகப் பேசும். முதல் இரண்டு திருகும் இந்த இரண்டையும் கூட்டிக் குறைக்க. மூன்றாவது டோன், திறந்தால் கூர் ஏறும், மூடினால் கூர் மழுங்கும்.

"அப்ப ஒண்ணு நானு, ஒண்ணு நீங்க" என்றாள் கமலவேணி. வெடுக்கென்று பேசுவது யார் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பட்டறையிலேயே ஆம்ப்ளிஃபயர் பெட்டியைச் செருகி, அங்கேயே டோன் பார்க்க ஆரம்பித்தார். நாலு தறியும் டக்கடிக் டக்கடிக் என்று ஓடிக்கொண்டிருந்தன. முதலில் கழுத்துப் பிக்கப்பைத் திறந்து வாசித்தார். அந்தப் பக்கம் தார்க்கட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த கமலவேணியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவள் கையை விரித்தாள்: கேட்கவில்லை. தறி ஓடும் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பாதிப் பேச்சை இப்படிக் கையிலேயே முடித்துவிடுவார்கள். அவர் கழுத்துப் பிக்கப்பை மூடிவிட்டு வால் பிக்கப்பை முழுக்கத் திறந்தார். டோனையும் முழுக்கத் திறந்தார். தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு கணீரென்று வந்தது. கமலவேணி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். ஜீவானந்தம் அதே இடத்தில் மூன்று திருகையும் நிறுத்தி, நகர்ந்துவிடக் கூடாதென்று மேலே செல்லோ டேப்பும் ஒட்டினார்.

அடுத்த கச்சேரி சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வரவேற்பு. முதல் பாட்டிலேயே கலையரசன் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். இரண்டாவது பாட்டில் தபலாக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டில் மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். ஜீவானந்தத்துக்கு உள்ளூர சந்தோஷம். இத்தனை நாளில் தன்னை இத்தனை பேர் பார்த்ததே கிடையாது.

இடைவேளையில் கலையரசன் அருகே வந்தான். வயதில் இளையவன், கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. தகர டப்பாவுல ஆணியப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்குதுங்கண்ணா."

"ஊட்டுல நல்லாத்தான தம்பி கேட்டுது?"

"பொண்ணோட பெரியப்பா வந்து, யாரு மேடையில டைப் அடிக்கறதுன்னு கேட்டுட்டுப் போறாருங்க."

ஜீவானந்தம் திருகுகளை எல்லாம் பார்த்தார். டேப் ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தன. கமலவேணி ஒத்துக்கொண்ட டோன் அது. அதை மாற்ற அவருக்குக் கை வரவில்லை.

கச்சேரி முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது கலையரசன் முடிவாகச் சொல்லிவிட்டான். "வர ஞாயித்துக்கிழம ராசிபுரத்துல ஒரு ரிசப்ஷன். அதுலயும் இதே மாதிரின்னா, பேஸ நானே இடது கையில கீபோர்டுல போட்டுக்கறேங்கண்ணா. இன்னைக்கு பார்ட்டிங்க எல்லாம் ஏழு பேரு போதும், எதுக்கு எட்டுன்னுதான் கேக்கறாங்க."

எட்டாவது ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜீவானந்தத்தின் கண்ணுக்கு முன்னால் பந்தி வாசல் வந்து நின்றது. சித்தப்பாமார் வரிசையாக நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கமலவேணி சீறினாள். "அந்தாளு காதுல பஞ்சு அடச்சிருக்குது. இங்க எப்பிடிக் கணீர்னு கேட்டுது!"

"அதான் புள்ள. இங்க கேக்கறது அங்க வேற மாதிரி கேக்குது."

"அப்ப தறிய நிறுத்திப்போட்டு வாசிச்சுப் பாருங்க."

நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. அவர் தறி நின்றால் பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிறது. அது நின்றால் எதிர் வீட்டுக் குஞ்சம்மாள் தறி. வீதி முழுக்க அறுபது எழுபது தறி. சுவரே டக்கடிக் என்கிறது. அத்தனையும் ஒன்றாக நிற்க வேண்டுமானால் கரண்ட் போக வேண்டும். கரண்ட் போனால் ஆம்ப்ளிஃபயரும் போய்விடும். கரண்ட் இருந்தால் காது இல்லை, காது இருந்தால் கரண்ட் இல்லை. ஜீவானந்தம் கட்டிலில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

வழி கமலவேணிதான் சொன்னாள். "வியாழக்கிழம பூரா கரண்ட் நிறுத்தறாங்களாம். இன்வெர்ட்டர்ல போட்டுப் பாருங்க." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஏனுங்க, மிக்சி போட்டா இன்வெர்ட்டர் போயிரும்னு என்னையத் திட்டுவீங்க. இதப் போட்டா மட்டும் போவாதா?"

வியாழன் காலை கரண்ட் போனதும் வீதி முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன. ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். அந்த வீதியில் கரண்ட் இல்லாத நாள் கொஞ்சம் விபரீதமான நாள். தறி நின்றாலும் பழக்க தோஷத்தில் எல்லோரும் கத்தியே பேசுவார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு என்ன மாத்திரை என்பதெல்லாம் தெருக்கோடி வரை தெரிந்துவிடும்.

ஜீவானந்தம் இன்வெர்ட்டரில் பெட்டியைச் செருகினார். கமலவேணியின் ஃபேன் நின்றது. கம்பியைத் தட்டினார்.

"ட்ட்டங்!"

அடுக்களையிலிருந்து கமலவேணி ஓடி வந்தாள். "என்னங்க உழுந்துச்சு? பாத்திர ஸ்டேண்டா?"

"ஒண்ணும் உழுகல. இதுதான் நம்ம டோனு."

"இதையா நான் நல்லாருக்குதுன்னு சொன்னேன்?" என்றாள் அவள். பிறகு, "நீங்க என்னையக் கேட்டுருக்கவே கூடாது" என்று பழியையும் அவர் மேலேயே வைத்துவிட்டாள்.

டேப்பை உரித்துவிட்டு இருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு வீதியும் வாசலில் கூடிவிட்டது. ஆளுக்கொரு அபிப்பிராயம். ஒருவருக்கு போர்வெல் வண்டி மாதிரி வேண்டும், இன்னொருவருக்குப் புது புல்லட் மாதிரி வேண்டும். குஞ்சம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்து, தறி ஓடுவது போலவே உச்சக் குரலில் கேட்டார்: "சாமி, நல்லாத்தான் இருக்குது! பாட்டு எப்ப வரும்?"

"இதாங்கக்கா பாட்டு! அடியில வர்றது!"

"அடி வந்துருச்சு சாமி! மேல எப்ப வரும்?"

கடைசியில், வால் பிக்கப்பை மூடி, கழுத்துப் பிக்கப்பை முழுக்கத் திறந்து, டோனைப் பாதி மூடியபோது, ஒரு சத்தம் வந்தது. கனமாக, வழவழவென்று, நெஞ்சுக்கூட்டில் கை வைத்துத் தள்ளுவது போல. வீதி ஒரு நிமிடம் கத்துவதை நிறுத்தியது. கமலவேணி தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டையும், கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பழைய பொட்டுகளையும் எடுத்து வந்து, திருகுக்கு ஒன்றும் கிட்டார்ப் பலகைக்கு ஒன்றுமாக அடையாளம் ஒட்டினாள். டோனுக்குக் கல் வைத்த பொட்டு. அத்தோடு இன்வெர்ட்டர் கீக் கீக் என்று கத்தி அணைந்தது. மாலை வரை ஃபேன் இல்லாமல், துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். சொந்தத் தயாரிப்பு, அதற்குக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம். மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. ஜீவானந்தம் பொட்டோடு பொட்டு நேராக வைத்து ஒயரைச் செருகினார்.

"ம்ம்ம்ம்ம்ம்" என்றது பெட்டி.

கம்பியைத் தொடவே இல்லை. தானாகவே, பெரிய வண்டு உள்ளே மாட்டிக்கொண்டது மாதிரி இரைந்தது. முன் வரிசைப் பெரியவர் ஒருவர், "ஜெனரேட்டர மேடைக்கா கொண்டாந்து வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டார். கலையரசன் ஜீவானந்தத்தைப் பார்த்தான். இடது கையைக் கீபோர்டின் கீழ்க் கட்டைகளில் வைத்துத் தயாராகிக்கொண்டான்.

ஜீவானந்தம் மேலே பார்த்தார். வண்ண விளக்குகள், எல்இடி திரை, மணமக்கள் பெயர் மின்னும் வளைவு, காலடியில் பாம்பு மாதிரி ஒயர்கள். வியாழக்கிழமை வீதியில் பொட்டுக் கரண்ட் இல்லை. இங்கே மண்டபமே கரண்டாக இருக்கிறது. அத்தனையையும் பிக்கப் இழுத்து இரைகிறது. முதலில் தறி காதை மறைத்தது, சேலத்தில் தகரச் சத்தம் இந்த இரைச்சலை மறைத்தது, வியாழக்கிழமை கரண்ட் இல்லாத அமைதி மறைத்திருக்கிறது. கமலவேணியும் இங்கே இல்லை, கட்டை விரல் காட்ட. கேட்க வேண்டியது இனி அவர் காதுதான்.

மூடி வைத்திருந்த வால் பிக்கப்பை மெல்லத் திறந்தார். வண்டுச் சத்தம் கொஞ்சம் இளைத்தது. இன்னும் திறந்தார். இன்னும் இளைத்தது. இரண்டு பிக்கப்பும் முழுக்கத் திறந்து சமமாக வந்த இடத்தில் இரைச்சல் சுத்தமாக நின்றுபோனது. ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடுகிறது. ஒரு வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தி, ஒருவர் பேச்சும் வெளியே தெரியாமல் போகிற மாதிரி. ஆனால் வெடுக்குத்தனம் கொஞ்சம் ஏறியிருந்தது. டோனைப் பொட்டைத் தாண்டி இன்னும் மூடினார். பழைய கனம் திரும்பி வந்தது.

பாட்டு ஆரம்பித்தது. முதல் பாட்டில் கலையரசனின் இடது கை நம்பாமல் கூடவே பேஸ் போட்டது. இரண்டாவது பாட்டில் அந்தக் கை கட்டைகளின் மேல் சும்மா படுத்திருந்தது. மூன்றாவது பாட்டில் மடிக்கு இறங்கியது. மேடைக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் ஆட வந்துவிட்டார்கள். பிறகு பெரியவர்களும் வந்தார்கள். ஜெனரேட்டர் பெரியவரின் தோள் தனியாக ஆடியது. ஜீவானந்தத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே நடக்கட்டும் என்று அவர் கம்பியைப் பார்த்தபடி வாசித்தார்.

நாலாவது பாட்டின் நடுவில் கலையரசனின் போன் அடித்தது. வலது கை வாசித்துக்கொண்டிருக்க, வேலையில்லாத இடது கை போனை எடுத்துக் காதில் வைத்தது.

"சொல்லுங்க... ஆமாங்க, புரோகிராமுலதான் இருக்கறேன், சொல்லுங்க... எருமப்பட்டிங்களா? வந்தரலாமுங்க... எட்டுப் பேருங்க... ஏழா? இல்லீங்க, அது ஆவாதுங்க. பேஸ் இல்லாம நாங்க மேடை ஏறறதில்லீங்க... பேஸுங்க, பேஸு! அதாங்க, பின்னால நிப்பாரே!"

அந்தப் பக்கத்து ஆள் என்னவோ கேட்டார். கலையரசன் போனை அழுத்திப் பிடித்தான், ஒரு காதைத் தோளால் மூடிப் பார்த்தான், பிறகு திரும்பிக் கத்தினான்.

"ஜீவாண்ணா! கொஞ்சம் கொறைங்கண்ணா! உங்க சத்தத்துல ஒண்ணுமே கேக்கல!"

மேடை வாழ்க்கையில் முதல் முறையாக அவரைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஜீவானந்தம் ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுத் திருகின் மேல் கையை வைத்தார். திருகவில்லை.