கப்பல் வரை கேட்ட பாட்டு

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த காலம். கரையிலிருந்து கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுபோகும் படகை நான் ஓட்டினேன். பஞ்சத்தில் அடிமைகளாக விலைபோனவர்களும் அதில்தான் போவார்கள். அதை ஒரு குற்றமாக நான் நினைத்ததே இல்லை.

ஒருநாள் அப்படி ஏறியவர்களில் ஒரு சமணப் பெண் மெல்லப் பாடிக்கொண்டே வந்தாள்.

"இன்னா பாட்டும்மா அது?" என்றேன்.

"எங்க முனிவர் மேல பாடுறதுண்ணா. எறும்புகூட மிதிபடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து நடந்தவரு."

படகுக்குள் தேங்கிய நீரில் ஒரு மீன்குஞ்சு துடித்தது. பாடியபடியே அதை இரு கையாலும் அள்ளிக் கடலில் விட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"படகைத் திருப்பிடுண்ணா."

என் பின்னால் துப்பாக்கியோடு காவலாள் உட்கார்ந்திருந்தான். கரையில் எனக்கு மூன்று பிள்ளைகள்.

"என்னால ஆவாதும்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. முனிவரின் கருணையைச் சொல்லும் அடிகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கப்பலின் கயிற்றேணியில் ஏறும்போதும் பாடினாள்.

அன்றோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. மறுநாளும் ஆட்களை ஏற்றிப் போனேன். ஏறுகிறவர்களின் முகத்தை மட்டும் அதன்பின் என்னால் பார்க்க முடியவில்லை.